பல்லின் வேரைத் தேடிய வரலாறு

பெங்களூரின் பிரேசர் டவுனில் மசூதிச் சாலை வழியாகவோ கோல்ஸ் சாலை வழியாகவோ நடந்து செல்வோர் கண்ணுக்குப் பல் மருத்துவமனைகளின் பெயர்ப் பலகைகள் தப்புவதில்லை. சில பலகைகளில் மருத்துவர் பெயரை அடுத்து பி.டி.எஸ். என்ற எழுத்துக்கள் மட்டும் இருக்கும். வேறு சிலவற்றில் எம்.டி.எஸ். என்பதும், அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு நீண்ட துறைப் பெயரும் இருக்கும். கடைவாய்ப் பல்லில் வலி கண்டு வழக்கமான மருத்துவரிடம் சென்ற ஒருவரை நோக்கி, "இதற்கு வேர் சிகிச்சை செய்தாக வேண்டும், நானும் செய்யலாம், விரும்பினால் அதற்கென்றே உள்ள நிபுணரிடம் அனுப்புகிறேன்" என்று அம்மருத்துவர் சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். கேட்டவர் திகைத்துப் போகிறார். இவர் கைக்கு முடியாததா? நிபுணர் என்றால் இரட்டிப்புச் செலவா? பேசாமல் பிடுங்கி எறிந்துவிட்டால் என்ன?

மூன்றாவதாக எழுந்த கேள்வி புதியதன்று. ஒரு நூறாண்டுக்கு முன்பு நன்கு படித்த மருத்துவர்களே அதனை விடையாகச் சொல்லி வந்தனர். பல்லின் வேரைத் தூய்மை செய்து பல்லைக் காக்கலாம் என்ற எண்ணமும், அதற்கெனத் தனி நிபுணர் வேண்டும் என்ற எண்ணமும் நெடிய வழக்காடலுக்குப் பிறகே நிலைபெற்றன. அவ்வழக்கு நடந்த விதத்தை அறிந்துகொண்டால், பலகையின் கீழ் நின்று தயங்குபவருக்கு முடிவு செய்வது சற்று எளிதாகும் என்பது நம் கருத்து.

பிரேசர் டவுன் தோன்றியதே கிருமியைப் பற்றிய ஒரு முடிவினால்தான். 1809-ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு எனப்படும் படைக்குடியிருப்பை அமைத்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களும், அவர்களைச் சார்ந்து பிழைத்த வணிகரும், ஒப்பந்தக்காரரும், சமையல்காரரும், கைவினைஞரும் வந்து குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். இன்று சிவாஜி நகர் என வழங்கும் பிளாக்பள்ளியில் வீடுகள் ஒன்றையொன்று நெருக்கி எழுந்தன. 1898-ஆம் ஆண்டில் பிளேக் நோய் பெங்களூருக்குள் நுழைந்தது. அந்நோயின் கிருமியை நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் அலெக்சாண்டர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டறிந்திருந்தார். நோய் கண்ட வீட்டைக் காலி செய்வது, கூரை ஓட்டைப் பிரிப்பது, தட்டுமுட்டுப் பொருள்களைக் கொளுத்துவது என்பனவே இந்தியாவின் பல ஊர்களில் அன்று கையாளப்பட்ட வழிகள். கிருமி இருக்கும் இடத்தையே இல்லாமல் செய்துவிட்டால் கிருமியும் இல்லையாகும் என்பது அதன் தத்துவம்.

பின்னர் வேறொரு வழி தோன்றியது. அகன்ற தெருக்களும், காற்றும் வெளிச்சமும் உலவும் வீடுகளும், எலி நுழைய இடந்தராத கட்டுமானமும் உள்ள புதிய குடியிருப்பை அமைத்து, நெரிசலிலிருந்து மக்களை அங்கே குடியேற்றுவது என முடிவாயிற்று. 1906-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய அம்முயற்சிக்கு, 1910-இல் அப்போதைய மைசூர் ரெசிடெண்டாகிய ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் இடப்பெற்றது. இவர் முன்னர் இளவயது மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசானாக இருந்தவர். பிளேக் புகாத நகர் அமைப்பைப் பற்றி ஜே. எச். ஸ்டீபன்ஸ் என்பவர் 1914-இல் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். இன்று அரசாங்க ஏடுகளில் இப்பகுதி புலகேசி நகர். ஆட்டோ ஓட்டுநரிடம் மட்டும் இன்னும் பிரேசர் டவுன்தான்.

வீட்டை இடிப்பதா, கிருமி புகாதபடி வீட்டைச் செம்மை செய்வதா என்னும் இக்கேள்வியே பல்லின் கதையிலும் நடுநாயகமாக நின்றது.

கிருமியைப் பற்றி எதுவும் அறியாத காலத்திலும் பல்லைத் துளைப்பது ஓர் உயிர்தான் என மனிதர் நம்பினர். சொத்தை விழுந்த பல்லை நம் நாட்டுப்புறத்தார் 'பூச்சிப் பல்' என்றே இன்றும் சொல்கின்றனர். பாபிலோனியரின் களிமண் பலகைகளிலும் பல் புழுவைப் பற்றிய மந்திரம் காணப்படுகிறது. கண்டங்கத்தரி விதையைத் தணலில் இட்டு, எழும் புகையை வாயில் பிடித்துப் பூச்சியை வெளியேற்றும் வைத்தியம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அண்மைக்காலம் வரை வழங்கியது. பிரெஞ்சு நாட்டுப் பல் வைத்தியர் பியர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட தமது பெருநூலில், தாம் தேடியும் அத்தகைய புழுவைக் காணவில்லை என்று தெரிவித்தார். சீழ் கட்டிய பல்லைத் திறந்து சீழை வெளியேற்றினால் வலி தணியும் என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

பல்லின் உள்ளமைப்பைச் சிறிது நினைவிற் கொள்வோம். மேலே தெரியும் வெண்மையான ஓடு எனாமல். அதன் உள்ளே தந்தினி என்னும் கெட்டியான பகுதி. அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய மென்மையான பற்கூழ். இக்கூழ் தாடை எலும்புக்குள் இறங்கும் வேர்களின் நடுவே மெல்லிய குழல்களாக ஓடி, வேரின் நுனித் துளை வழியே உடலோடு சேர்கிறது. சொத்தை ஆழமாகிக் கிருமி கூழை அடைந்துவிட்டால், சுற்றிலும் கெட்டிச் சுவராதலால் வீங்குவதற்கு அங்கே இடமில்லை. இரவெல்லாம் தூங்கவிடாத அந்த வலிக்கு இதுவே காரணம். கூழ் இறந்தபின் வலி அடங்கிவிடுவதும் உண்டு. தானே குணமாயிற்று என்று நோயாளி மகிழ்ந்திருக்கையில் கிருமி வேர் நுனியைக் கடந்து எலும்பை அரிக்கத் தொடங்கியிருக்கும்.

இக்குழலைச் சுத்தம் செய்ய மனிதர் கண்ட முதற்கருவி ஒரு கடிகாரத்திலிருந்து வந்தது. எட்வர்டு மேனார்டு என்னும் அமெரிக்கப் பல் வைத்தியர் 1838-இல் கடிகாரச் சுருள்வில்லைத் தேய்த்து மெல்லியதாக்கி, கூழை வெளியே இழுக்கும் ஊசியாக்கிக்கொண்டார். (துப்பாக்கியை வெடிக்கச் செய்யும் ஒருவகைப் பட்டையை உருவாக்கியவரும் இவரே. வலியைத் தணித்ததும் வலியை விளைத்ததும் ஒரே கை!) அதற்குச் சற்று முன், 1836-இல், கூழை மரத்துப் போகச் செய்ய ஸ்பூனர் என்பவர் பாஷாணத்தைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டிருந்தார். நச்சுப் பொருளாகிய அது பக்கத்து எலும்பையும் ஈறையும் புண்ணாக்கியதில் வியப்பில்லை. இன்று நாம் அறிந்த மரத்துப்போகும் ஊசி மருந்துகள் அதற்கு வெகுகாலம் பின்னர் வந்தவை. நோவோகெயின் 1905-ஐ ஒட்டியும், லிடோகெயின் 1940-களிலும் வழக்கிற்கு வந்தன.

சுத்தம் செய்த குழலை எதைக்கொண்டு அடைப்பது? தங்கத்தகடு முதல் மரச்சீவல் வரை பலவும் முயலப்பட்டன. விடை மலேயாக் காட்டிலிருந்து வந்தது. அங்கே வளரும் ஒரு மரத்தின் பாலை உறையவைத்துக் கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்னும் பொருளை, சிங்கப்பூரில் பணிபுரிந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1843-இல் லண்டன் அறிஞர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். சூட்டில் இளகி, குளிரில் இறுகி, நீரில் கெடாத அப்பொருளை முதலில் பெரிதும் விரும்பியவர்கள் தந்திக்காரர்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே 1851-இல் கடலடியில் இட்ட தந்திக் கம்பிக்கு உறையானது அதுவே. 1867-இல் பவ்மன் என்னும் அமெரிக்கர் வேர்க்குழலை அடைக்க அதன் கூம்புகளைப் பயன்படுத்தினார். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு நம்மவர் ஆயிரக்கணக்கில் கப்பலேறிய வரலாற்றை அறிவோம். அதே மண்ணின் வேறொரு மரத்துப் பால், வேர் சிகிச்சை செய்துகொண்ட நம்மில் பலருடைய பல்லுக்குள்ளே இன்றும் இருக்கிறது.

1864-இல் சான்ஃபோர்டு பார்னம் என்பவர் செய்த ஒரு சிறு காரியத்தையும் இங்குச் சொல்ல வேண்டும். மெல்லிய ரப்பர்த் தாளில் துளையிட்டு, சிகிச்சைக்குரிய பல் மட்டும் அத்துளை வழியே வெளியே தலைகாட்டும்படி மாட்டினார். எச்சிலும் அதிலுள்ள கிருமிகளும் குழலுக்குள் சேராமலும், கருவியோ மருந்தோ தொண்டைக்குள் விழாமலும் அது தடுத்தது. காசு அதிகம் பெறாத இந்தத் தாளைப் பற்றிப் பின்னரும் பேசுவோம்.

1890-இல் மில்லர் என்னும் அறிஞர் வாயிலுள்ள கிருமிகளைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். 1895-இல் ராண்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டார். சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் எட்மண்டு கெல்ஸ் அக்கதிரின் உதவியால் வேர்க்குழலின் நீளத்தைப் பார்க்க முற்பட்டார். அதுவரை இருட்டறையில் கைத்தடவலாக நடந்த வேலைக்கு விளக்குக் கிடைத்தது. இனிப் பற்கள் பிழைத்தன என்றே எவரும் எண்ணியிருப்பர்.

நேர்ந்தது அதற்கு மாறானது. பிரேசர் டவுனுக்குப் பெயர் சூட்டிய அதே 1910-ஆம் ஆண்டில், லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அழுகிய வேர்களின்மேல் தங்கக் கவசம் மாட்டிப் பல்லை அழகு செய்யும் வழக்கத்தை அவர் கடுமையாகத் தாக்கினார். அங்கே ஒளிந்திருக்கும் கிருமியே இரத்தசோகை முதலிய பல நோய்களுக்குக் காரணம் என்றார். அவர் குறைகூறியது பெரும்பாலும் தூய்மையற்ற வேலையைத்தான். கேட்டவர்களோ, வேர் சிகிச்சை செய்த பல் அனைத்துமே குற்றவாளிகள் என்று பொருள் கொண்டனர். அமெரிக்காவில் ஃபிராங்க் பில்லிங்ஸ் முதலிய மருத்துவர்களும், வெஸ்டன் பிரைஸ் என்னும் பல் வைத்தியரும் இக்கொள்கையை வளர்த்தனர். மூட்டு வலிக்குப் பல் பிடுங்கினர். இதய நோய்க்குப் பல் பிடுங்கினர். நியூஜெர்சி மாநிலத்து டிரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்பவர் சித்தப் பிரமைக்கும் பல் பிடுங்கினார். பல் மருத்துவப் பள்ளிகள் பலவற்றில் வேர் சிகிச்சையைப் போதிப்பதே மங்கிப் போயிற்று. வலியில்லாத பற்களையும் சந்தேகத்தின்பேரில் இழந்து, நாற்பது வயதிலேயே பொக்கை வாயரானவர் எத்தனையோ பேர். நோய் வந்த வீட்டை இடிக்கும் தத்துவம், பிளேக்கில் கைவிடப்பட்டபின் பல்லில் புகுந்துகொண்டது.

இந்த வெள்ளத்தை எதிர்த்து நின்ற சிறு கூட்டமே வேர் சிகிச்சை நிபுணர் என்னும் இனத்தின் முன்னோர். இச்செய்தியை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் நிபுணர் என்றாலே கட்டணத்தை உயர்த்த வந்த ஓர் ஏற்பாடு என்ற ஐயம் நம்மிடையே உண்டு. இத்துறையைப் பொறுத்தமட்டில் அது பொருந்தாது. எல்லாரும் பிடுங்கச் சொன்ன காலத்தில், சுத்தமாகச் செய்தால் பல் பிழைக்கும் என்று எக்ஸ்ரே படமும் கிருமிச் சோதனையும் கொண்டு ஒவ்வொரு பல்லாக மெய்ப்பித்தவர்கள் அவர்கள். அட்லாண்டா நகரத்து ஹாரி ஜான்ஸ்டன் வேறு எவ்வகைப் பல் வேலையும் ஏற்காமல் வேர் சிகிச்சை ஒன்றையே தொழிலாகக் கொண்டார். 'உள்', 'பல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து அத்துறைக்குப் பெயர் சூட்டியவரும் அவரே என்பர். எண்டோடான்டிக்ஸ் என்று பலகைகளில் நாம் காணும் சொல் அதுவே. பிலடெல்பியாவில் லூயி கிராஸ்மன் 1940-இல் வெளியிட்ட பாடநூல் உலகெங்கும் மாணவர் கைகளில் தவழ்ந்தது.

எதிர்க்கட்சியின் வாதமும் இக்காலத்தில் தளர்ந்தது. 1938-இல் சீசில், ஆஞ்செவின் என்னும் இரு மருத்துவர்கள் மூட்டுவாத நோயாளிகள் 200 பேரின் விவரங்களை ஆராய்ந்து, பல்லையும் தொண்டைச் சதையையும் அகற்றியதால் நோய் தணியவில்லை எனக் காட்டினர். 1943-இல் சிகாகோவில் வேர் சிகிச்சையாளர் சங்கம் தோன்றியது. 1963-இல் அமெரிக்கப் பல் மருத்துவ சங்கம் இதனைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது.

இறுதித் தீர்ப்பை வழங்கியவை எலிகள். பிளேக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்ற அதே பிராணி இங்கே சாட்சியாக வந்தது. 1965-இல் ககேஹாஷியும் அவருடைய தோழர்களும் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பற்களைத் துளைத்துக் கூழைத் திறந்துவிட்டனர். உணவுத் துணுக்குகள் அதில் அடைந்தபோதிலும் கூழ் அழியவில்லை. திறந்த இடத்தில் புதிய தந்தினிப் பாலம் வளர்ந்து மூடிற்று. சாதாரணச் சூழலில் வளர்ந்த எலிகளிலோ கூழ் அழிந்து சீழ் கட்டியது. குற்றம் பல்லுடையதன்று, திறந்த துளையுடையதுமன்று. உள்ளே புகும் கிருமியுடையதே என்பது ஐயமறத் தெளிவாயிற்று. வேர் சிகிச்சையின் இலக்கணம் அன்றே வகுக்கப்பட்டது எனலாம்: கிருமியை அகற்றுக, மீண்டும் புகாமல் அடைக்க.

நம் நாட்டின் நிலையையும் பார்ப்போம். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்கு வேண்டிய பணத்துக்குத் தாம் நடத்திய சோடாக் கடையின் வருவாயைப் பயன்படுத்தினார் என்பது சுவையான செய்தி. படித்த பல் வைத்தியர் அரிதாயிருந்த அக்காலத்தில் சந்தை நாள்களில் கொறடும் உப்புமாகப் பல் பிடுங்கியவர்களும், ஹூபே மாநிலத்திலிருந்து வந்து சென்னை, கல்கத்தா முதலிய நகரங்களில் கடை வைத்த சீனப் பல் வைத்தியர்களுமே சாமானியருக்குக் கைகொடுத்தனர். சீனர்கள் தந்தை மகனுக்குக் கற்றுத்தந்த கைத்திறனில் தேர்ந்தவர்கள். 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம், பட்டம் பெறாமலே குறைந்தது ஐந்து ஆண்டுகள் அத்தொழிலால் வாழ்ந்தவர்களையும் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் சேர்த்துக்கொள்ள வழி செய்தது. பழையதை ஒரேயடியாகப் பிடுங்கி எறியாத அந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருந்தது.

1953-இல் சென்னையிலும், 1958-இல் பெங்களூரிலும் அரசினர் மருத்துவக் கல்லூரிகளைச் சார்ந்து பல் மருத்துவப் பிரிவுகள் தொடங்கின. பின்னர் தனியார் கல்லூரிகள் பெருகின. பிரேசர் டவுனுக்கு அண்டையிலுள்ள குக் டவுனிலேயே அம்பேத்கர் பெயர் தாங்கிய ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பி.டி.எஸ். பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு பயிலும் எம்.டி.எஸ். படிப்பில் பல துறைகள் உண்டு. வேர் சிகிச்சைக்குரிய துறையின் பெயர் 'கன்சர்வேடிவ் டென்டிஸ்ட்ரி அண்டு எண்டோடான்டிக்ஸ்'. ஆகவே எம்.டி.எஸ். என்ற எழுத்துக்களை மட்டும் கண்டு ஒருவரை வேர் சிகிச்சை நிபுணர் எனக் கொள்ளலாகாது. அவர் ஈறு நோயிலோ, பல் வரிசையைச் சீராக்குவதிலோ தேர்ந்தவராக இருக்கக்கூடும். சிறிய எழுத்திலுள்ள துறைப் பெயரைப் படித்தல் அவசியம்.

இனி, யாரிடம் செல்வது? பி.டி.எஸ். படிப்பிலேயே வேர் சிகிச்சை கற்பிக்கப்படுகிறது. ஆதலின் வழக்கமான மருத்துவர் அதைச் செய்ய முன்வருவதில் தவறொன்றும் இல்லை. முடிவு மருத்துவரின் பட்டத்தைக் காட்டிலும் பல்லின் அமைப்பைப் பொறுத்தது. மேல் வரிசை முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே வேர், ஒரே நேரான குழல். அதற்குப் புதிதாகச் செய்யும் சிகிச்சைக்கு, பழகிய, கவனமுள்ள பொது மருத்துவரே போதும் என்பது நம் துணிபு. கடைவாய்ப் பல் அவ்வாறன்று. ஜூரிச் நகரத்து வால்டர் ஹெஸ் ஆயிரக்கணக்கான பற்களின் உட்குழல்களை வார்ப்பெடுத்து 1925-இல் ஆங்கிலத்தில் வெளியான நூலில் காட்டினார். அப்படங்களைக் கண்டவர் திடுக்கிட்டனர். குழல்கள் நேர்க்கோடுகளாக இல்லாமல் ஆற்றின் கழிமுகம்போல் பிரிந்தும் கூடியும் கிடந்தன.

மேல் தாடையின் முதல் கடைவாய்ப் பல்லைச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். ஆறு வயதையொட்டி முளைக்கும் இதனைப் பாற்பல் என்றெண்ணிப் பெற்றோர் புறக்கணிப்பதால், சொத்தை முதலில் பிடிப்பதும் பெரும்பாலும் முதல் கடைவாய்ப் பற்களையே. மூன்று வேர்கள் உள்ள இப்பல்லில் மூன்று குழல்கள் இருக்கும் என்று நினைத்தால், பாதிக்கு மேற்பட்ட பற்களில் நான்காவது ஒன்று மறைந்திருக்கிறது. மயிரிழை போன்ற அதனைக் காணாமல் விட்டால் அங்கே கிருமி தங்கும். ஓரிரு ஆண்டு கழித்து வலி திரும்பும். அதைத் தேடுவதற்கு நிபுணர் நுண்ணோக்கியைப் பயன்படுத்துகிறார். வளைந்த குழலில் எஃகுக் கம்பி சுவரைத் துளைத்துவிடும் அபாயமும் முன்பு இருந்தது. 1988-இல் வாலியா, பிராண்ட்லி, கெர்ஸ்டீன் ஆகிய மூவர் நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி, வளைவுக்கேற்ப வளைந்து கொடுப்பதைக் காட்டியபின் அவ்வபாயம் குறைந்தது. எனினும் கம்பி உள்ளேயே முறிவது இன்றும் நேர்வதுண்டு. முறிந்த துண்டை எடுப்பது, முன்னர் செய்து தோற்ற சிகிச்சையைப் பிரித்து மீண்டும் செய்வது, முதுமையால் குழல் சுண்ணமேறிச் சுருங்கிய பல்லைத் திறப்பது ஆகியவை ஐயமின்றி நிபுணர்க்கே உரியவை.

2004-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு 350 பற்களை ஐந்தாண்டுக் காலத்துக்கு ஒப்பிட்டது. நிபுணர் செய்தவற்றில் 98.1 சதவீதமும், பொது மருத்துவர் செய்தவற்றில் 89.7 சதவீதமும் நிலைத்தன. சிறிய ஆய்வாதலின் இதைத் தராசாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் பத்தில் ஒன்பது பற்கள் பொது மருத்துவர் கையிலும் பிழைத்தன என்பதையும் இதிலிருந்து படிக்க வேண்டும். அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு மிகப் பெரியது. காப்பீடு பெற்றவர்களின் 14 லட்சத்துக்கு மேற்பட்ட பற்களை எட்டாண்டு பின்தொடர்ந்து, 97 சதவீதம் வாயிலேயே இருந்ததை அது கண்டது. பிடுங்க நேர்ந்த பற்களுள் சுமார் 85 சதவீதத்துக்கு முழுக் கவசம் மாட்டப்படவில்லை என்பதே அதில் நம் கருத்தைக் கவர்ந்தது. நம்மவர் 'கேப்' என்று சொல்லும் அக்கவசத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என ஒத்திப்போடுவது வெகு சாதாரணம். வலி நின்றதும் செலவு கண்ணில் படுகிறது. கூழ் இழந்து, துளைத்துக் குடைந்த கடைவாய்ப் பல் ஒரு நாள் முறுக்கைக் கடிக்கும்போது பிளந்துவிட்டால், செய்த சிகிச்சையனைத்தும் வீண். நிபுணர் கட்டணத்தையும் கவசத்தின் விலையையும் ஒருசேரத் தர இயலாத நிலையில், எளிய பல்லாயின் பொது மருத்துவரிடமே வேர் சிகிச்சை செய்துகொண்டு கவசத்தைத் தவறாமல் போட்டுக்கொள்வது மேல் என்போம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. இப்பல்லில் எத்தனை குழல்கள் இருக்கும் எனக் கருதுகிறீர்கள், இத்தகைய பற்களை அடிக்கடி செய்கிறீர்களா, ரப்பர்த் தாள் மாட்டிச் செய்வீர்களா என்று பணிவாகக் கேட்கலாம். பார்னம் 1864-இல் தந்த அத்தாளைப் பயன்படுத்துபவர் வேலையில் கண்டிப்புள்ளவர் என ஓரளவு நம்பலாம். பட்டத்தைவிட இது நல்ல அடையாளம் எனவும் நாம் கருதுவதுண்டு. பல மருத்துவமனைகளில் நிபுணர் வாரத்தில் குறித்த நாளில் வந்து போகிறார். அவ்வாறாயின் வேறிடம் தேடி அலைய வேண்டியதில்லை. பொருள் வசதி குறைந்தவர்களுக்குக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. அங்கே முதுநிலை மாணவர் ஆசிரியரின் மேற்பார்வையில் செய்வர். செலவு குறைவு, நடை அதிகம். பல் நெடுக்கில் பிளந்திருந்தாலோ, கவசம் தாங்கும் அளவுக்குச் சுவர் எஞ்சாவிட்டாலோ பிடுங்குவதே சரி என நிபுணரும் சொல்லக்கூடும். அதைக் கேட்டு அவரை ஐயுற வேண்டாம். முகம் வீங்கிக் காய்ச்சல் கண்டாலும், விழுங்கவோ வாய் திறக்கவோ இயலாமற் போனாலும் யாரிடம் செல்வது என்ற ஆராய்ச்சிக்கு நேரமில்லை. உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மொழியும் ஒரு தடையாகத் தோன்றும். பெங்களூரில் அது அவ்வளவு பெரிதன்று. பல் கன்னடத்தில் ஹல்லு. வேர் என்பதன் முதலெழுத்து பகரமாகிப் பேரு ஆகிறது. பால் ஹாலு ஆனது போலத்தான் இதுவும். தில்லியிலும் நாகபுரியிலும் உள்ளோர்க்கு இவ்வுதவி இல்லை. மேலும் விண் விண் என்று தெறிக்கிறது, குடைகிறது, கூசுகிறது என நாம் வலிக்கு வைத்திருக்கும் சொற்களை மொழிபெயர்ப்பது, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கும் எளிதன்று. ஆகவே வலியின் பெயரை விட்டு, வலியின் நேரத்தைச் சொல்வது நலம். குளிர்ந்த நீர் பட்டால் வரும் வலி நொடியில் மறைகிறதா, நிமிடக்கணக்கில் நிற்கிறதா? சூடான காப்பி பட்டால் எழுகிறதா? தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? கடிக்கும்போது மட்டுமா? கூழ் பிழைக்குமா, இறந்துவிட்டதா என்று மருத்துவர் ஊகிப்பது இவ்விடைகளைக் கொண்டே.

பணி மாற்றலால் ஊர் ஊராகச் செல்பவர்கள் மற்றொன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே படங்களின் படி, எத்தனை குழல்கள் அடைக்கப்பட்டன, கவசம் போட்டாயிற்றா, தற்காலிக அடைப்பு மட்டும் இருக்கிறதா என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் மருத்துவர் எழுதித் தருவார். பெங்களூரில் தொடங்கிய பல்லைப் புவனேசுவரத்தில் திறக்கும் மருத்துவருக்கு, நான்காவது குழலைக் கண்டாயிற்றா இல்லையா என்பதை அத்தாளே சொல்லும்.